கசக்கிப் போட்ட ரோஜா

"இந்த மனுஷன் என் ரோஜாவைத் திருடியிருக்கார், டீச்சர்."

தலைமையாசிரியையின் குரலுக்கு வகுப்பே அப்படியே நின்றுவிட்டது. அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. குரல் மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான வாட்டர்கலர் வகுப்பு அது. சனிக்கிழமை தோறும், பூக்கள் மட்டும். ஓவிய டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "பென்சிலே வேண்டாம். ஈரத்துல நிறத்தைத் தொட்டு வைங்க, கையை எடுத்துடுங்க. அதுவா பரவிப் பூவாயிடும்."

அந்தக் கையை எடுப்பதுதான் தலைமையாசிரியைக்கு வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் திருத்தியே பழகிய கை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சரிபண்ணிப் பண்ணியே ரோஜா சேறாகிவிடும். கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்.

போன வாரம் போட்ட அந்த ரோஜாதான் இப்போது பக்கத்து மேஜைக்காரரின் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கசங்கலை நீவிவிட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டு வைத்திருக்கிறார்.

"எடுத்தது நிஜந்தான் மேடம்" என்று எழுந்து நின்றார் கடைக்காரர்.

"நீங்கதான் அழகா போடுறீங்களே. என் குப்பைக்கு எதுக்கு உங்க பேரு? யார்கிட்ட காட்டி என்ன கேலி பண்றீங்க?"

தலைமையாசிரியை தன் பிரஷ்ஷை மேஜையில் போட்டார். வீட்டில்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று இங்கே வந்தால், இங்கேயும் இந்தக் கூத்தா?

"ஒண்ணு இவர் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க டீச்சர்."

டீச்சர் சங்கடத்தோடு திரும்பினார். "காரணத்தைச் சொல்லிடுங்க சார். இல்லேன்னா அடுத்த வாரம் நீங்க வர வேண்டாம்."

"போகச் சொல்லிடாதீங்க டீச்சர். என் மனைவியும் உங்களை மாதிரி பூ வரையச் சொல்லிக் கொடுத்தவதான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. இடது கையால முயற்சி பண்ணுன்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா. ஆறு மாசமா ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கா. நான் தப்புத் தப்பா போட்டுக் காட்டினா, பொறுக்க முடியாம திருத்த வருவான்னு நினைச்சுத்தான் இங்க சேர்ந்தேன்."

"அப்போ உங்க படத்தையே காட்டலாமே?"

"எனக்கு நல்லா வந்து தொலைச்சிடுச்சு டீச்சர். வேணும்னே கெடுத்தும் பார்த்தேன். ஒரே பார்வைதான், 'நடிக்காதீங்க'ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அதான் தொட்டியில தேடினேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னோடதைப் பார்த்து என்ன சொன்னாங்க?" குரல் நன்றாக இறங்கியிருந்தது.

கடைக்காரர் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சேறாய்க் கிடந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இதழ். கோணலாகத்தான் இருந்தது, ஆனால் தெளிந்த சிவப்பு. அது தலைமையாசிரியை போட்டதில்லை.

"'ஒரு பூவை இப்படியா சித்திரவதை பண்ணுவீங்க, கொடுங்க இங்க'ன்னு இடது கையால பிரஷ்ஷைப் பிடுங்கிட்டா மேடம்."