வலது கை, இடது காது

மாதா கோயில் பங்குப் பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை பிரிஸ்கா டீச்சர் தலையில் விழுந்தது. பரணிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தக் காலத்தில், வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. 1951இல் பங்குச்சாமியார் எழுதியிருந்தார்: ‘மாராத்தாள். கை எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைவு. அடுத்த ஆண்டு வரச் சொன்னேன்.’

அடுத்த ஆண்டும் அதே பெயர். அதற்கடுத்த ஆண்டும். சாமியார்கள் மாறினார்கள், ஓட்டுக் கட்டடம் காங்கிரீட் ஆனது, சுற்றிலும் பனியன் கம்பெனிகள் வந்தன. மாராத்தாள் மட்டும் ஜூன் தவறாமல் வந்திருந்தாள். 1987இல் ஒரு விரற்கடை குறைவு. போன வருடம் ஒரு நூலளவு. அந்தக் கடைசிக் குறிப்பு பிரிஸ்கா டீச்சரின் கையெழுத்தில் இருந்தது. எழுதிய ஞாபகம் அவருக்கு இல்லை.

மலரை அச்சுக்குக் கொடுக்காமல் ஜூன் வரை காத்திருந்தார்.

சேர்க்கை நாளில் எல்லாரும் போன பிறகு வாசலில் ஒரு சிறுமி நின்றாள். டீச்சர் வாயைத் திறக்குமுன் கையைத் தலைக்கு மேல் வளைத்தாள். விரல் நுனி காதைத் தொட்டது.

“எட்டீருச்சுங்க டீச்சர். இனி உள்ள வரலாமுங்களா?”

“வா கண்ணு.”

டீச்சர் பேனாவை எடுத்துப் பெயரை எழுதினார். பிறந்த தேதிக் கட்டத்தில் கை நின்றுவிட்டது. சிறுமி முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓராள் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

“தங்கச்சியும் வந்திருக்குதுங்க,” என்றாள் வாசலைப் பார்த்து. “அதுக்கு இன்னும் ரெண்டு விரக்கடை வேணுமுங்க.”