வியட்நாம் எழுத்து

நாகலூர் காபித் தோட்டக்காரர் பொன்னுவேலின் லேப்டாப்பில் வியட்நாம் எழுத்தைச் சேர்த்துக்கொண்டே, ஏற்காட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரன் தினேஷ் சிரித்தான்.

“ஏனுங்க, காபிக்கொட்டை வியாபாரம் வியட்நாம் வரைக்கும் போயிருச்சுங்களா?”

“வியாபாரமில்ல கண்ணு. ஒரு புள்ளகிட்டப் பேசோணும்.”

“அடேங்கப்பா, இந்த வயசுலயா! எந்த ஊர்ல இருக்காங்க?”

“எங்க ஊட்லதான். எம்மகன் கட்டிக் கூட்டிட்டு வந்த புள்ள. அவ பேசறதை அவந்தான் எனக்குத் தமிழ்ல சொல்லுவான். அவன் செத்து முப்பது நாளாச்சு. இனி அவ இதுல அடிச்சா தமிழ்ல காட்டுமில்ல?”

தினேஷின் கை நின்றது.

“காட்டுமுங்க. என்ன கேக்கப் போறீங்க?”

“ஊருக்குப் போறியான்னுதான். பாஷை தெரியாதுன்னு சாக்குச் சொல்லியே இத்தனை நாள் கேக்காம இருந்துட்டேன். போறேன்னுட்டா ஊட்ல நான் ஒருத்தந்தான் கண்ணு.”