சிரிக்காத படம்

இந்திராணியின் அக்கா இறந்த பிறகு, சுவரில் மாட்டிய அவள் படம் வீட்டார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம் கண்ணு" என்றது. ஆல்பம் முழுக்கச் சிரித்தபடியே நின்றவள். படம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் பேசக் கற்றிருந்தது. உயிரோடிருந்த அக்காவின் கோபம் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை.

இந்திராணி தன் படத்தை இப்போதே எடுத்துவைக்க முடிவு செய்தாள். போன ஸ்டூடியோக்களில் எல்லாம் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்கள். எழுந்து வந்துவிட்டாள். முகங்களை எடுத்தே தலை நரைத்த ஜெயசீலன் மட்டும் கேமராவைத் தொடாமல் அவளையே பார்த்திருந்தார்.

"யார் மேலம்மா கோவம்?"

"என் மேலதான். பாட்டை விட்டுடுன்னு வீட்ல சொன்னப்ப சரின்னுட்டேன்."

"அன்னிக்குச் சொல்லாததை இப்பச் சொல்லுங்க."

"முடியாது," என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் எடுத்துவிட்டார்.

மகன் படத்தைச் சுவரில் வைத்துச் சோதித்தான். "பசங்களைப் பாத்துக்கறியாம்மா?"

"முடியாதுப்பா. நீயே பாத்துக்க," என்றது படம்.

"இது வேலைக்கு ஆகாதும்மா. வேற எடுத்துக்கலாம்."

"செத்த பிறகுமாடா நான் வேலைக்கு ஆகணும்?" என்ற இந்திராணி, ஆணியையும் சுத்தியலையும் அவன் கையில் கொடுத்தாள்.