முந்திக்கொண்டவர்

பல் ஆஸ்பத்திரியில் அஞ்சலாட்சியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று எழுந்து, "நான் முன்னாடி போயிட்டு வந்துடறேம்மா" என்று உள்ளே நுழைந்துவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவள். இன்றைக்கு வாயே எழவில்லை.

மேல் கடைவாய்ப் பல்லை ஈறு கிழித்து எடுக்க வேண்டுமாம். மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று மார்க்கெட்டில் ஆளுக்கு ஆள் சொல்லியிருந்தார்கள்.

காலையில் டாக்டர் ரூபி, "ஏதாவது கேக்கணுமா?" என்று விசாரித்தபோதும் இல்லையென்று தலையாட்டிவிட்டாள். கேட்டால் சிரித்துவிட்டால்? மகள் மாலாவிடம் மட்டும், இதே நாற்காலியில் உட்கார்ந்தபடி போனில் சொல்லி, சற்று முன்புதான் அழுது தீர்த்திருந்தாள்.

பெரியவர் கதவைக்கூடச் சாத்தவில்லை. ஊசி வலிக்குமா, ரத்தம் நிற்குமா, ராத்திரி கஞ்சி குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே போனார்.

டாக்டரும் சளைக்கவில்லை. ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் அழுத்துவது மட்டும்தான் தெரியும், நறநறவென்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று வெளியில் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை வயசுக்கு இப்படியா பயப்படுவார் ஒரு ஆம்பளை? அஞ்சலாட்சிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் காது அங்கேயே இருந்தது.

"மேல் பல்ல எடுத்தா கண்ணு போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

அஞ்சலாட்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அது பொய்ங்க ஐயா. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்குப் போற நரம்பு வேற. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

காலையிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் முறை வந்தது. சுருக்கென்றது. அழுத்தியது. நறநறவென்றது. எல்லாம் சொன்னபடியே நடந்து முடிந்தது. கண்ணைத் திறந்தாள். சுவரிலிருந்த காலண்டரின் சின்ன எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.

பஞ்சைக் கடித்தபடியே குழறினாள். "பாவம் அந்தப் பெரியவரு, ரொம்ப பயந்துட்டாரு. அவருக்கு என்னிக்கு எடுக்கறீங்க?"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"லூர்துநாதன் ஐயாவுக்கா? போன வாரமே எடுத்தாச்சும்மா. இன்னிக்குத் தையல் பிரிக்கத்தான் வந்தாரு."