புகை மதிப்பெண்

ஊர்களின் காற்றுத் தூய்மைக்கு மதிப்பெண் போடும் பசுமை மதிப்பீட்டாளர் சுகிர்தாவுக்கு அந்த மாதம் இது ஏழாவது ஊர். முதல் வீட்டு வாசலிலேயே ஐஸ் பெட்டியில் ஒரு பிணம் இருந்தது.

"எப்பம்மா இறந்தாரு?"

"மூணு நாளாச்சு மேடம்," என்றாள் அவர் மனைவி மாரிச்செல்வி. "புகை தெரிஞ்சா ஊருக்கு மார்க் போயிரும், தண்ணி லாரி வராது. நீங்க வந்துட்டுப் போனப்புறம் எரிச்சுக்கலாம்னு ஊர்ல சொல்லிட்டாங்க. முந்தாநாளே வருவீங்கன்னாங்களே?"

முந்தாநாள் சுகிர்தா அலுப்பில் இந்த ஊரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தாள். மாலைவரை காற்றை அளக்க வேண்டிய கருவியை அப்போதே அணைத்து, முழு மதிப்பெண் போட்டாள்.

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கம்மா."

மாரிச்செல்வி அழுதுகொண்டே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுகிர்தா தலை நிமிரவில்லை.