குப்புறப் போட்ட பிள்ளை

“ஐயையோ, பிள்ளையைக் குப்புறப் போடாதீங்கம்மா!”

வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ், கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே விரைந்தார்.

பெரியம்மா அசையவில்லை. குழந்தையின் முதுகில் வைத்த கையை எடுக்கவுமில்லை.

பெற்றவளுக்குச் சங்கடமாகப் போயிற்று. தாயில்லாத தனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்த பெரியம்மாவை இதுவரை ஒரு குறை சொல்ல முடியாது. இன்றைக்கென்று பார்த்து ஏன் இந்த அடம்?

“விடுங்க பெரியம்மா. அவங்க படிச்சவங்க.”

“எனக்குச் சொன்னவங்களும் படிச்சவங்கதான். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர் ஆஸ்பத்திரி மூணாம் வார்டுல இருந்த நர்ஸம்மா. ‘மல்லாக்கப் போட்டா கக்கின பால் மூச்சுல ஏறிடும், குப்புறப் போடு’ன்னாங்க. போட்டேன்.”

“அப்புறம்?” நர்ஸின் குரல் இறங்கியிருந்தது.

“மூணாம் மாசம், ஒரு மத்தியானம். தூங்கின பிள்ளை எழுந்திரிக்கல. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. பிள்ளை வளர்க்கத் துப்பில்லாதவன்னு ஊரே சொல்லிச்சு. கட்டினவரும் அதைத்தான் சொன்னாரு.”

அதற்குப் பிறகு பெரியம்மாவுக்குக் குழந்தையே பிறக்கவில்லை. அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் வாய் திறந்து பெற்றவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலை முழுக்க நரை. அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர்.

“அவங்க சொன்னது தப்பும்மா, குப்புறப் போட்டா தூக்கத்துலயே மூச்சு நின்னு போகலாம். அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. பிள்ளை போனதுக்கு அதுதான் காரணமான்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

“அவங்களைத் தப்புன்னு சொல்ல நீங்க யாரு?”

நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அப்ப மூணாம் வார்டுல இருந்தது நான் ஒருத்திதாம்மா. அந்தப் பாவி நான்தான். எத்தனை பேருக்குச் சொன்னேனோ...”



பெரியம்மா குழந்தையைப் பூப்போலப் புரட்டி மல்லாக்கக் கிடத்தினாள். முகத்தருகே கிடந்த துணியைத் தள்ளி வைத்தாள்.

“தெரியும். வாசல்ல பார்த்தப்பவே அடையாளம் தெரிஞ்சுடுச்சு. இவனைப் பொறந்த நாள்லேர்ந்து நான் மல்லாக்கத்தான் போடறேன். ‘உன் மேல தப்பில்ல’ன்னு ஒரு தடவை உங்க வாயால கேட்கணும்னுதான் இன்னிக்கு மட்டும் குப்புறப் போட்டேன்.”