வடிவான கார்

"அப்பா, புதுக் கார் பிடிச்சிருக்கோ?" கனடாவிலிருந்து துஷ்யந்தன் வீடியோவில் கேட்டான். "ஏசி இருக்கு. பழைய ஒஸ்ரின் கார் குடிக்கிற பெற்றோலிலை பாதி போதும்."

"நல்ல கார்தான். பின்சீற்தான் நீளம் காணாது, கட்டையாக் கிடக்கு," என்றார் ஊரில், நாரந்தனை வீட்டு முற்றத்தில் நின்ற அப்புத்துரை. "ஒஸ்ரினையும் வைச்சிருப்பமே, தம்பி?"

"போறது நீங்கள் ரெண்டு பேர். ஏன் ரெண்டு கார்? அதைக் குடுக்கிறன் எண்டுதானே இதை எடுத்தனான்."

புதுக் காரைக் கொண்டுவந்தவர் கை நீட்டினார். அப்புத்துரை பழைய காரின் திறப்பைக் கொடுத்தார். ஒஸ்ரின் படலையைத் தாண்டிப் போனது.

"அம்மாவைக் காட்டுங்கோ."

அறைக்குள் போய், மனைவியின் முகம் மட்டும் தெரியப் போனைப் பிடித்தார்.

"நல்ல வடிவான கார், ராசா," என்று சறோஜினிதேவி சிரித்தாள்.

போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. கிணற்றடியில் விழுந்து அவளுக்கு முதுகெலும்பு முறிந்து ஐந்து மாதம். ஒஸ்ரினின் பின்சீற்றில் நீட்டிப் படுத்தபடிதான் கிழமைக்கொருமுறை யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போய் வந்தாள். தெரிந்தால், இன்னும் நிரந்தர விசா கிடைக்காத மகன், திரும்பிப் போக முடியாதென்றாலும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருவான் என்று இருவரும் மறைத்திருந்தார்கள்.

"நாளைக்குக் கிளினிக் எல்லே?" என்றார் அப்புத்துரை.

"ஓம். நான் சீற்றிலை நிமிந்து இருந்துகொண்டே வருவன்," என்றாள்.

அவளுக்கு நிமிர்ந்து இருக்க ஏலாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.